எழுத்தும் வடிவமும்: பெங்களூரு வளாகங்களின் தமிழ் எழுத்துணரி ஆய்வுகள் – ஒரு மதிப்பீடு

முன்னுரை

பொறியியல் வளாகங்களில் நடைபெறும் மொழிசார் ஆய்வுகளைத் தம் ஆய்வுப் பரப்புக்குப் புறம்பானவையாகக் கருதும் போக்கு மொழியியலாரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. எழுத்தை அறியும் கருவியும் பேச்சை ஆக்கும் கருவியும் பொறியாளரின் பணி. எழுத்தும் சொல்லும் பொருளும் தம் பணி என அவர்கள் பகுத்துக்கொள்வர். இப்பகுப்பு இன்று பொருந்துவதாக இல்லை. தமிழின் அச்சு நூல்களும் கையெழுத்துப் படிகளும் கணிப்பொறிக்குள் எவ்வாறு செல்கின்றன என்பதைப் பெரிதும் உறுதிசெய்வோர் வளாக ஆய்வாளர்களும் அவர்தம் மாணவர்களுமே ஆவர். அவர்கள் எதனை 'ஓர் எழுத்து' எனக் கொள்கின்றனரோ அதுவே நாளைய சொல்லடைவுக்கும் தரவகத்துக்கும் அடிப்படை அலகாகின்றது.

பெங்களூருவில் நிகழ்ந்த தமிழ் எழுத்துணரி ஆய்வுகளை முன்வைத்து இச்சிக்கலை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். 'எழுத்து' என்னும் ஒரே சொல் நான்கு வேறுபட்ட அலகுகளைக் குறிப்பதால், அவ்வாய்வுகளின் முடிவுகள் தமிழில் எடுத்துரைக்கப்படும்போது சரிபார்க்க இயலாதனவாகி விடுகின்றன என்பதே இங்கு நிறுவ முற்படும் கருத்தாகும். ஆய்வுகளின் பொறியியல் தகுதியை எடைபோடுதல் இக்கட்டுரையின் எல்லைக்குள் அடங்காது.

1. ஆய்வுக் களம்

1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்திய அறிவியல் கழகத்தின் மின்பொறியியல் துறையில், பேராசிரியர் ஆ. க. இராமகிருஷ்ணன் தலைமையில் மருத்துவ நுண்ணறிவு, மொழிப் பொறியியல் ஆய்வகம் செயற்பட்டு வந்துள்ளது. கர்நாடகத் தலைநகரில் இருந்துகொண்டே கன்னடத்தையும் தமிழையும் ஒருங்கே ஆய்வுப் பொருளாக்கியது இவ்வாய்வகத்தின் தனித்தன்மை எனலாம். எழுத்தைப் பேச்சாக்கும் 'திருக்குறள்' என்னும் கருவி பற்றிய கட்டுரை 2001இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டில் வழங்கப்பெற்றது. அச்சிட்ட தமிழ்ப் பக்கங்களைப் படித்தறியும் முழுமையான எழுத்துணரி பற்றிய கட்டுரை 2002இல் ஆவணப் பகுப்பாய்வு குறித்த பன்னாட்டுக் கருத்தரங்கில் வெளிவந்தது. அதன் பின்னர், மின்பலகையில் எழுதும்போதே கையெழுத்தை அறிதல் குறித்து இவ்வாய்வக மாணவர்கள் தொடர்ந்து ஆராய்ந்துள்ளனர்.

இதே நகரில் இயங்கிய எச்.பி. நிறுவனத்தின் இந்திய ஆய்வகம் தமிழ்க் கையெழுத்து மாதிரித் தொகுப்பு ஒன்றை உருவாக்கியது. பெங்களூருவிலும் சேலத்திலும் வாழும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட பள்ளிச் சிறுவர், பட்டதாரிகள், பிற வயதுவந்தோர் ஆகியோர் இதற்கு எழுதியளித்தனர். 156 வகைகள், வகை ஒன்றுக்கு ஏறத்தாழ 500 மாதிரிகள் என்பது அத்தொகுப்பின் அமைப்பாகும். 2006ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லா போல் நகரில் கூடிய கையெழுத்தறிதல் பன்னாட்டுப் பட்டறையையொட்டி நடந்த தமிழ் எழுத்தறிதல் போட்டிக்கு இத்தொகுப்பே அடிப்படையாயிற்று. பின்வந்த மாணவர் ஆய்வுத்திட்டங்கள் பலவற்றிற்கும் இது பொதுச் சொத்தாக அமைந்தது. கருவிகள் மாறினும் மாதிரித் தொகுப்பு மாறாமல் பயன்படுவதால், அதனை வகைப்படுத்தியோர் செய்த மொழியியல் முடிவுகள் பின்வந்தோர் அனைவரிடமும் தொடர்கின்றன என்பது கருதத்தக்கது.

2. 'எழுத்து' குறிக்கும் நான்கு அலகுகள்

தொல்காப்பியம் முப்பது எழுத்துகளையும், அவற்றைச் சார்ந்து வரும் மூன்றையும் கூறும். நன்னூல் முதலெழுத்து முப்பது என்பதை ஏற்று, சார்பெழுத்தைப் பத்தாகவும் விரிவகையில் 369 ஆகவும் கொள்ளும். இருநூலாரும் ஒலியை முதன்மையாகக் கொண்டே எண்ணினர். குற்றியலுகரம் தனி வரிவடிவம் பெறாதிருந்தும் தனியே எண்ணப்பெற்றமை இதற்குச் சான்றாகும். ஆக, முதலாவது பொருள் ஒலியலகு என்பதாம்.

பள்ளியில் கற்பிக்கப்பெறும் 247 என்னும் எண்ணிக்கை வேறொரு நோக்கில் அமைந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்னும் இக்கணக்கில் உயிர்மெய் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தாகும். ஜ, ஷ, ஸ, ஹ, க்ஷ ஆகிய ஐந்தையும் அவற்றின் உயிர்மெய்களையும் ஸ்ரீ என்பதையும் சேர்த்தால் இது 313 ஆகும். நெடுங்கணக்கு அலகு எனத்தக்க இது இரண்டாவது பொருள்.

எழுத்துணரி காண்பது இவ்விரண்டுமன்று. தாளில் இடைவெளியால் பிரிந்து நிற்கும் வடிவங்களையே அது காண்கின்றது. 'கொ' என்பது நெடுங்கணக்கில் ஓரெழுத்து; கருவிக்கோ கொம்பு, ககரம், கால் என மூன்று வடிவங்கள். 'கி' என்பதில் விசிறி ககரத்தோடு ஒட்டி நிற்பதால் அது ஒரே வடிவம். வடிவ அலகு என்பது மூன்றாவது பொருள்.

அறியப்பட்ட வடிவம் கணிப்பொறியில் சேமிக்கப்படும்போது குறியெண்களாக மாறுகின்றது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பு முதலாகத் தமிழ் மெய் ஒன்று அகரமேறிய வடிவம், புள்ளி என இரு குறிகளால் ஆகின்றது. இலக்கணத்தில் மெய் அடிப்படை. அகரமேறியது அதன் ஆக்கம். குறியாக்கத்திலோ அகரமேறியது அடிப்படை. மெய் அதன் ஆக்கம். குறி அலகு என்பது நான்காவது பொருளாகும்.

3. ஒரு சொல், நான்கு எண்ணிக்கை

இவ்வேறுபாட்டை 'மொழிபெயர்ப்பு' என்னும் சொல்லைக் கொண்டு விளக்கலாம்.

நெடுங்கணக்கின்படி மொ, ழி, பெ, ய, ர், ப், பு என ஏழு எழுத்துகள். உயிர்மெய்களைப் பிரித்து ஒலியலகாக எண்ணின், ம், ஒ, ழ், இ, ப், எ, ய், அ, ர், ப், ப், உ எனப் பன்னிரண்டு. வடிவமாக எண்ணின், 'மொ' மூன்று, 'பெ' இரண்டு, ஏனைய ஐந்தும் ஒவ்வொன்று எனப் பத்து. ஒருங்குறிக் குறிகளாக எண்ணின், 'ய' ஒன்று, ஏனைய ஆறும் இவ்விரண்டு எனப் பதின்மூன்று. ஒகரக் குறியைக் கொம்பும் காலுமாகப் பிரித்து இடுவதையும் ஒருங்குறி ஏற்பதால் இது பதினான்காகவும் கூடும். தமிழ்நாட்டரசு 2010ஆம் ஆண்டு ஆணையில் இடம்பெற்ற டேஸ் 16 என்னும் குறியாக்கத்தில் உயிர்மெய் ஒவ்வொன்றிற்கும் தனிக்குறி உண்டாதலின், அம்முறைப்படி இச்சொல் மீண்டும் ஏழாகும்.

இனி, கருவி ஒன்று இச்சொல்லில் பகரத்தின் ஒற்றைக் கொம்பை இரட்டைக் கொம்பாகக் கொண்டு 'மொழிபேயர்ப்பு' எனப் படித்துவிட்டதாகக் கொள்வோம். பிழை ஒன்றே. ஆயினும் குறி அடிப்படையில் அதன் துல்லியம் 92 விழுக்காடு. வடிவ அடிப்படையில் 90. நெடுங்கணக்கு அடிப்படையில் 86. சொல் அடிப்படையில் சுழியம். இவற்றுள் எதுவும் பொய்யன்று. எனினும், 'கருவி தமிழ் எழுத்துகளைத் தொண்ணூறு விழுக்காடு சரியாக அறிகிறது' என்று தமிழில் எழுதப்படும்போது, எந்த அலகு கொண்டு அளந்தனர் என்பதை அறிய வழியில்லை. ஒரு வளாகத்தின் முடிவை இன்னொரு வளாகத்தின் முடிவோடு ஒப்பிடவும் இயலாது. ஒரு பக்கத்தைத் திருத்த மெய்ப்புப் பார்ப்பவர் எத்தனை சொற்களில் கைவைக்க வேண்டும் என்பதையும் அவ்வெண்ணிக்கை உணர்த்தாது.

காலும் ரகரமும் அச்சில் ஒத்துத் தோன்றுவதால் எழும் பிழை இதனினும் சிக்கலானது. 'மொழி' என்பது 'மெரழி' எனப் படிக்கப்பட்டால் வடிவ அளவில் பிழை ஒன்று. குறி அளவில் ஒன்று மாறி ஒன்று மிகுகின்றது. நெடுங்கணக்கிலும் ஓரெழுத்து மாறி ஓரெழுத்து மிகுகின்றது. பிழையின் எண்ணிக்கையே அலகைப் பொறுத்து வேறுபடுகின்றது.

ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் ஒன்றுபோலவே அமைந்திருப்பது பிறிதொரு சான்று. 'கௌரவம்', 'கெளரவம்' ஆகிய இரண்டும் கண்ணுக்கு ஒன்றே, கணிப்பொறிக்கு வேறு. 'ஔவையார்' என்பதும் 'ஒளவையார்' எனத் தட்டச்சிடப்படுதல் இன்று மிகப் பரவலாகக் காணப்படுகின்றது. வடிவத்தை மட்டும் அறியும் கருவிக்கு இவற்றைப் பிரித்தறிய வழியில்லை; சொல்லறிவு துணைசெய்தல் வேண்டும். இத்தகைய படிகளைக் கொண்டு ளகரத்தின் வருகை எண்ணிக்கையைக் கணக்கிடும் மொழியியலார், தம் முடிவில் ஔகாரத்தின் ஒரு பகுதியும் கலந்திருப்பதை அறியாமலே போகக்கூடும்.

4. வடிவக் கணக்கும் அதன் வரலாறும்

இந்திய அறிவியல் கழக ஆய்வகத்தார் தம் கட்டுரைகளில் தமிழுக்கு 155 வடிவங்களைக் கொள்கின்றனர். அக்கணக்கைப் பின்வருமாறு விரித்துக் காணலாம். ஔகாரம் ஒகரமும் ளகரமுமாகப் பிரிந்து நிற்பதால் உயிர் 11. கிரந்த எழுத்துகள் உட்பட மெய் 23. அகரமேறிய வடிவம் 23. இகர, ஈகார, உகர, ஊகாரம் ஏறியவை 92. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி ஆகியவை 4. ஆய்தம் 1, ஸ்ரீ 1. இவற்றின் கூட்டுத்தொகை 155. 313 எழுத்துகளையும் இவற்றைக் கொண்டே எழுதிவிடலாம் என்னும் உண்மையைப் பொறியாளர் தம் தேவையின் பொருட்டுத் தெளிவாக வகுத்துக்கொண்டனர். தமிழ் வரிவடிவம் பற்றிய பயனுள்ள விளக்கமாகவே இதனைக் கொள்ளல் தகும். எச்.பி. தொகுப்பின் 156 என்னும் எண் எண்ணும் முறையில் ஓரளவே வேறுபடுகின்றது.

எனினும் இக்கணக்கு ஒரு காலத்திற்கு உரியது என்பதை மறத்தலாகாது. 1978இல் தமிழ்நாட்டரசு நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன் ணா, றா, னா ஆகிய மூன்றும் கால் பெறாது தனி வடிவம் பெற்றிருந்தன; ணை, லை, ளை, னை ஆகிய நான்கும் மேல்வளைந்த துதிக்கையோடு ஒட்டி எழுதப்பெற்றன. ஆதலின், 1978க்கு முற்பட்ட அச்சு நூல் ஒன்றைப் படிக்கும் கருவிக்கு மேலும் ஏழு வடிவங்கள் வேண்டும். கணக்கு 162 ஆகும். இன்னும் பின்னோக்கிச் செல்லின், ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்கள் வேறுபடுத்தப்படுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றே. அங்கே வடிவங்களின் எண்ணிக்கை பெரிதும் குறையும். கொம்பை இரட்டித்து நெடில் காட்டும் முறை வீரமாமுனிவரோடு தொடர்புபடுத்தப் பெறுவதையும் இங்கு நினைவுகூரலாம்.

நெடுங்கணக்கு மாறாதிருக்க வடிவக் கணக்கு மட்டும் மாறி வந்துள்ளது என்பது இதனால் பெறப்படும். 'தமிழ் எழுத்துகள் அனைத்தையும் அறியும் கருவி' என்னும் தொடரைக் காணும் பதிப்பாசிரியர், எக்காலத்து வடிவங்கள் என வினவுதல் இன்றியமையாதது. 1998 முதல் தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்துவரும் மதுரைத் திட்டம் போன்ற மின்பதிப்பு முயற்சிகளும், பழைய நூல்களைப் பேணும் நூலகங்களும் எழுத்துணரியை நாடுவது பெரும்பாலும் பழைய அச்சு நூல்களுக்காகவே ஆதலின், இவ்வினா நடைமுறை சார்ந்ததும் ஆகும்.

5. மாணவர் ஆய்வுத்திட்டங்கள்

தனி வடிவங்களின் தொகுப்பைக் கொண்டு செய்யப்பெறும் மாணவர் திட்டங்களுக்கு வரம்பு ஒன்று உண்டு. கட்டத்துள் ஒற்றை வடிவமாக எழுதப்பெற்ற 'கி'யை அறிதல் வேறு. ஓடும் எழுத்தில் அமைந்த 'கி'யை அறிதல் வேறு. தொடர்ந்து எழுதுவோர் சொல் முழுவதையும் எழுதி முடித்தபின் திரும்பிவந்து புள்ளிகளை இடுவதும் உண்டு. எழுதும்போதே அறியும் கருவியில் அப்புள்ளி காலத்தால் பிந்தி வருவதால், அதனை உரிய மெய்யோடு சேர்த்தல் தனிச்சிக்கலாகும். இந்திய அறிவியல் கழக மாணவர்கள் சொல்லை வடிவங்களாகப் பிரிக்கும் நிலையையே தனி ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டமை இவ்வுண்மையை அவர்கள் உணர்ந்திருந்ததைக் காட்டும். தனி வடிவத் தொகுப்பின்மேல் ஒரு பருவத்தில் செய்து முடிக்கப்பெறும் இளநிலைத் திட்டங்களில் இவ்வேறுபாடு சொல்லப்படாது போவதுண்டு. அவற்றின் விழுக்காட்டைத் தமிழ்க் கையெழுத்து பற்றிய முடிவாகக் கொள்ளுதல் பொருந்தாது.

எழுதுவோரின் பின்னணியும் கருதத்தக்கது. பெங்களூருத் தமிழருள் பள்ளியில் கன்னடத்தையோ ஆங்கிலத்தையோ முதலில் எழுதப் பழகிப் பின் வீட்டில் தமிழ் எழுதக் கற்றவர் உளர். சேலத்தில் தமிழ்வழிப் பயின்றவரின் கைப்பழக்கத்தோடு அவர்தம் கைப்பழக்கம் ஒத்திருத்தல் வேண்டும் என்பதில்லை. இவ்விரு நகரத்து மாதிரிகளும் ஒரே தொகுப்பில் அமைந்திருப்பது மொழித்தொடர்பு ஆய்வாளர்க்குக் கிடைத்த அரிய வாய்ப்பாகும். ஆயினும் இத்தகைய தொகுப்புகள் கருவியைப் பயிற்றவே பெரிதும் பயன்படுகின்றன. எழுதும் வழக்கத்தை ஆராய மொழியியலார் அவற்றை நாடுவது அரிதாகவே உள்ளது. இக்குறை மொழியியலார் பக்கமே சாரும்.

அண்மைக் காலத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. 2018இல் வெளிவந்த டெசராக்ட் நான்காம் பதிப்பு முதலான நரம்புவலைக் கருவிகள் வரி முழுவதையும் நோக்கி நேரே குறித்தொடராக மாற்றுகின்றன. வடிவங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணும் தேவை மாணவர்க்கு இல்லாது போகின்றது. இதனால் துல்லியம் உயர்ந்துள்ளது உண்மையே. ஆனால் 155 என்னும் கணக்கை வகுத்தபோது வெளிப்படையாக நின்ற மொழியறிவு இப்போது கருவியின் உள்ளே மறைந்து நிற்கின்றது. பிழை ஏன் நேர்ந்தது என விளக்குவதற்கு உரிய அலகு கைநழுவும் நிலை இது.

6. அக்ஷரமும் எழுத்தும்

ஒரே ஆய்வகம் கன்னடத்தையும் தமிழையும் ஆராய்வதால் மொழிபெயர்ப்பாளர்க்கு மேலும் ஒரு பொறுப்பு உண்டாகின்றது. கன்னடத்தில் அக்ஷரம் என்பது உயிரையோ, உயிரோடு முடியும் மெய்க்கூட்டத்தையோ குறிக்கும். 'ஸ்த்ரீ' என்பது அம்மொழியில் ஓர் அக்ஷரம். மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒத்தக்ஷரங்களாக எழுதப்பெறும். தமிழிலோ அது ஸ், த், ரீ என மூன்றெழுத்து. எனவே, கன்னட எழுத்துணரி பற்றிய அறிக்கையில் வரும் அக்ஷரத்தை 'எழுத்து' எனப் பெயர்த்துத் தமிழ் எழுத்துணரியின் முடிவோடு அருகில் வைத்தால், இருவேறு அளவுகோல்களை ஒன்றாக்கிய தவறு நேரும். சொல்லுக்குச் சொல் சரியாக அமைந்த மொழிபெயர்ப்பே பொருளால் பிழைபடும் இடம் இது.

7. கலைச்சொல் பரிந்துரை

'எழுத்துணரி' என்னும் கலைச்சொல் வழக்கில் நிலைபெற்றுவிட்டது. அதனை மாற்ற முற்படுதல் வேண்டுவதின்று. அளவீட்டைக் கூறுமிடத்து மட்டும் பின்வரும் வரையறையைக் கைக்கொள்ளலாம்.

அ. 'எழுத்து' என்பதை நெடுங்கணக்கு அலகுக்கு மட்டும் வழங்குதல்.
ஆ. ஒலியலகுக்கு மொழியியலார் வழங்கும் 'ஒலியன்' என்பதையே வழங்குதல்.
இ. கருவி காணும் அலகை 'வடிவம்' எனல். ஒலியன், உருபன் என்னும் ஆக்கங்களின் வழியில் 'வரியன்' எனினும் பொருந்தும்.
ஈ. சேமிப்பு அலகைக் 'குறி' எனலும், எக்குறியாக்கம் என்பதை உடன் சுட்டலும்.

இவற்றுள் எச்சொல்லை ஏற்பினும் தவறில்லை. நான்கிற்கும் நான்கு சொற்கள் இருத்தலே முதன்மையானது. பொறியாளர் தம் ஆங்கிலக் கட்டுரைகளில் இவற்றை வேறுபடுத்தியே எழுதுகின்றனர். தமிழாக்கத்தில்தான் அவ்வேறுபாடு அழிகின்றது என்பதை மொழிபெயர்ப்பாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.

முடிவுரை

தமிழைப் பொருளாகக் கொண்ட இவ்வாய்வுகள் பெரும்பாலும் தமிழில் எழுதப்பெறுவதில்லை. 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் தமிழ்வழிப் பொறியியலைத் தொடங்கியபோது அது கட்டடப் பொறியியலுக்கும் இயந்திரப் பொறியியலுக்கும் உரியதாகவே அமைந்தது. மொழிக்கருவிகள் உருவாகும் மின்பொறியியலும் கணிப்பொறியியலும் அத்தொடக்கத்தில் இடம்பெறவில்லை. பெங்களூரு வளாகங்களில் அவ்வாய்ப்பு மேலும் அரிது. ஆய்வேடு முழுவதையும் தமிழில் வேண்டுதல் நடைமுறைக்கு ஒவ்வாது. தமிழ்த் தரவைப் பயன்படுத்தும் ஆய்வேடோ மாணவர் திட்டமோ நான்கு பக்கத் தமிழ்ச் சுருக்கம் ஒன்றைக் கொண்டிருத்தல் இயலாததன்று. அச்சுருக்கத்தில் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்: எந்த அலகால் அளக்கப்பட்டது, எக்காலத்து வரிவடிவம் கொள்ளப்பட்டது, மாதிரி எழுதியோர் எங்கு, எம்மொழி வழியாக எழுதக் கற்றவர்.

இம்மூன்றையும் வினவும் தகுதி மொழியியலார்க்கே உண்டு. விடையைத் தமிழில் பிறழாது தரும் பொறுப்பு மொழிபெயர்ப்பாளரைச் சாரும். பார்வையற்ற மாணவர் ஒருவர் தம் பாடநூலை இக்கருவிகளின் வழியாகவே கேட்டறியும் நிலையில், கொம்பு ஒன்று மிகுந்து 'பெயர்' என்பது 'பேயர்' என ஒலிக்குமாயின் அவர் அதனைத் தாளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள இயலாது. துல்லியம் எத்தனை விழுக்காடு என்பதைவிட எதன் விழுக்காடு என்னும் வினா முற்பட வேண்டியதன் தேவை அவரிடத்தே தெளிவாகப் புலப்படுகின்றது.